எட்டு ஆண்டு வாரண்டி எந்தத் தாளில் எழுதியிருக்கிறது?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் பழைய சொகுசு ஹைப்ரிட் காரை வாங்குமுன் அதன் பேட்டரியின் ஜாதகத்தைப் பார்த்துவிடுங்கள் என்று சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஜாதகம் எங்கே கிடைக்கும், அதை யார் கணித்துச் சொல்வார்கள் என்று கேட்டுப் புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் தொடர்ந்து கடிதங்கள் வந்ததால், இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

லாஸ்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்: என் மகனுக்காகப் பழைய டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். 2019 ஜூன் மாதம் புதுச்சேரியில் பதிவானது. ஒரே உரிமையாளர். ஓடியது 41,000 கிலோமீட்டர்தான். அந்தக் குடும்பத்தார் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள் என்பதால் ஆண்டில் ஆறு மாதம் பிரான்சில் இருப்பார்கள். விலை பத்தொன்பது லட்சம் சொல்கிறார்கள். ஹைப்ரிட் பேட்டரிக்கு எட்டு ஆண்டு வாரண்டி இருப்பதால் 2027 வரை கவலையே வேண்டாம் என்கிறார் புரோக்கர். குறைவாக ஓடிய வண்டிதானே, துணிந்து வாங்கலாமா?

ஐயா, எட்டு ஆண்டு என்று புரோக்கர் சொன்ன கணக்கு அவர் கற்பனை செய்ததல்ல. ஆனால் அது நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டிக்கு உரிய கணக்குதானா என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். டொயோட்டா நிறுவனம் இந்தியாவில் கேம்ரி, வெல்ஃபயர் ஆகிய இரண்டு ஹைப்ரிட் வண்டிகளின் பேட்டரி வாரண்டியை எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என உயர்த்தியது 2021 ஆகஸ்ட் 1 முதல்தான். அதற்கு முன் இருந்தது மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். உங்கள் வண்டி 2019 ஜூனில் பதிவானது. பழைய கணக்குப்படி பார்த்தால், அந்தக் குடும்பம் தனியாகப் பணம் கட்டி நீட்டிப்பு எதுவும் வாங்காமல் இருந்திருந்தால், அதன் பேட்டரி வாரண்டி 2022 ஜூனோடு முடிந்திருக்கும். பழைய கார் சந்தையில் பேட்டரி வாரண்டியைப் பற்றி நான் கேட்கும் வாக்குறுதிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தடம்புரள்கின்றன. இன்று புதிதாக விற்கும் வண்டிக்கு நிறுவனம் தரும் வாரண்டியை, அதே பெயர் கொண்ட ஆறு வருடப் பழைய வண்டிக்கும் சேர்த்துச் சொல்லி விற்றுவிடுகிறார்கள். பல நேரங்களில் சொல்பவருக்கே அந்த வேறுபாடு தெரிந்திருப்பதில்லை.

ஆகவே வாய்மொழியை விட்டுவிட்டுத் தாளுக்கு வாருங்கள். ஆர்.சி. நகலில் உள்ள சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு, முடிந்தால் உரிமையாளரையோ அவரது கடிதத்தையோ உடன் கொண்டு, அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்துக்குச் செல்லுங்கள். இந்த வண்டியின் ஹைப்ரிட் பேட்டரி வாரண்டி எந்தத் தேதியில் அல்லது எத்தனையாவது கிலோமீட்டரில் முடிகிறது என்பதை மின்னஞ்சலிலாவது எழுதித் தரக் கேளுங்கள். முதல் உரிமையாளர் வண்டியை டெலிவரி எடுத்த நாளில் வாரண்டிக் கணக்கு தொடங்குகிறது. நீங்கள் வாங்கும் நாளில் அது புதிதாகத் தொடங்குவதில்லை. ஆண்டு, கிலோமீட்டர் இரண்டில் எது முந்துகிறதோ அங்கே முடிகிறது. நீட்டிக்கப்பட்ட வாரண்டி ஒன்று இருப்பதாகச் சொன்னால், அது அடுத்த உரிமையாளருக்கு மாறக்கூடியதா, மாற்றுவதற்குக் கட்டணமும் கால வரம்பும் உண்டா, இன்ஜினுக்கு மட்டுமா அல்லது ஹைப்ரிட் பேட்டரிக்கும் சேர்த்தா என்பதை அந்த ஒப்பந்தத்தின் உள்பக்கங்களில் படித்துப் பாருங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம்.

அடுத்தது, குறைவாக ஓடியது என்ற நற்சான்றிதழ். சாதாரண பெட்ரோல் காருக்கு அது ஓரளவு பொருந்தும். இந்த வகை பேட்டரிக்கு அது சந்தேகப்பட வேண்டிய செய்தி. 2019 கேம்ரியில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. சில செல்களை ஒன்றாக அடைத்த, 7.2 வோல்ட் கொண்ட 34 மாட்யூல்களை வரிசையாக இணைத்து ஏறத்தாழ 245 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். இதை முழுதும் நிரம்பவோ முழுதும் காலியாகவோ வண்டியின் கணினி விடுவதில்லை. சார்ஜ் அளவைப் பெரும்பாலும் நாற்பது முதல் எண்பது சதவீதத்துக்குள்ளேயே ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பதுதான் இவை நீண்ட நாள் உழைப்பதன் இரகசியம். ஆனால் அந்தக் காவல் வண்டி ஓடும்போது மட்டுமே நடக்கிறது. ஷெட்டில் நிற்கும்போது ஒவ்வொரு செல்லும் தன்போக்கில் மெல்ல மெல்ல மின்னை இழக்கிறது, அதிலும் எல்லாச் செல்லும் ஒரே வேகத்தில் இழப்பதில்லை. ஆறு மாதம் பூட்டியே கிடந்து, வெயிலில் காய்ந்த ஷெட்டில் இந்த ஏற்றத்தாழ்வு வளர்ந்துவிட்டால், பின்னர் ஓட்டும்போது பலவீனமான செல் முதலில் காலியாகி முதலில் சூடாகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறையாவது குறைந்தது அரை மணி நேரம் அல்லது 16 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்று இத்தகைய வண்டிகளின் கையேடுகளிலேயே எழுதியிருக்கும். வெளிநாட்டில் இருந்த மாதங்களில் யாராவது வண்டியை எடுத்து ஓட்டினார்களா என்று அந்தக் குடும்பத்தாரிடம் கேளுங்கள். வீட்டைப் பார்த்துக்கொண்ட ஒருவர் ஞாயிறுதோறும் கடற்கரைச் சாலை வரை ஓட்டி வந்தார் என்று பதில் வந்தால், அவரைப் பார்த்து ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் பணத்தைக் காப்பாற்றியவர் அவராக இருக்கலாம். அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று 2011-இல் சோதித்த 2002 மாடல் பிரியஸ், இரண்டு லட்சம் மைலுக்கு மேல் ஓடிய பிறகும் பழைய பேட்டரியோடு ஏறத்தாழப் புதிய வண்டிக்கு நிகரான எரிபொருள் சிக்கனம் காட்டியது. நாள்தோறும் ஓடியதே அதற்குப் பேருதவியாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனிச் சோதனை. வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறை பத்து நிமிடம் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வெயில் ஏறியபின், ஏசியை நன்றாக வைத்து, நகருக்குள் நெரிசலில் ஒரு சுற்றும், பிறகு ஈ.சி.ஆர். சாலையில் காலாப்பட்டு தாண்டி ஒரு சுற்றும் ஓட்டுங்கள். திரையில் தெரியும் பேட்டரிக் கோடுகள் சில நிமிடங்களுக்குள் மளமளவென இறங்கி, உடனே மளமளவென ஏறினால், அது பேட்டரி சுறுசுறுப்பாக இருப்பதற்கு அடையாளமன்று. கொள்ளளவு சுருங்கிவிட்டதற்கு அடையாளம். சிறிய குடத்தில் நீர் வேகமாக நிரம்புவதும் வேகமாகத் தீர்வதும் போலத்தான் இது. பின் இருக்கைப் பக்கத்திலிருந்து விசிறியின் இரைச்சல் அடிக்கடி கேட்டாலும் கவனியுங்கள். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பயணிகள் அமரும் இடத்திலிருந்தே இழுக்கப்படுகிறது. அந்தக் காற்றுவழியின் சல்லடையில் தூசியும் நாய் முடியும் அடைத்துக்கொண்டாலோ, பை, போர்வை போன்றவற்றை அதன்மேல் வைத்து மூடியிருந்தாலோ பேட்டரி ஆண்டுக்கணக்கில் வெந்திருக்கும். சுத்தம் செய்வது சிறிய வேலை, செய்யாமல் விட்டதன் விலையோ லட்சங்களில்.

இதற்குப் பிறகு, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் வைத்து மாட்யூல் தொகுதிகளின் வோல்ட்டேஜைப் பார்க்கத் தெரிந்த ஒருவரை, முடிந்தவரை அதிகாரபூர்வ மையத்திலேயே, சோதிக்கச் சொல்லுங்கள். கேம்ரியில் 34 மாட்யூல்களும் இரண்டிரண்டாக 17 தொகுதிகளாகக் கண்காணிக்கப்படுகின்றன. வண்டி நின்ற நிலையில் எல்லாமே ஒரே அளவு காட்டுவது ஒன்றையும் நிரூபிக்காது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மின்னை இழுக்கும்போது ஒரே தொகுதி மட்டும் மற்றவற்றைவிடத் திரும்பத் திரும்பக் கீழே விழுந்தால் அதுதான் நோயாளி. இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். விற்பதற்கு முந்தைய நாள் கோளாறு வந்தபோது கணினி பதிந்துவைத்த பிழைக்குறியீடுகளை அழித்துவிட்டு எச்சரிக்கை விளக்கு எரியாத வண்டியாகக் காட்டுவது சந்தையில் பழைய வித்தை. குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் ஸ்கேனரில் பார்க்க முடியும். அங்கே பன்னிரண்டு கிலோமீட்டர் என்று காட்டினால், யார் எதற்காக நேற்று அழித்தார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் பத்தொன்பது லட்சம் கொடுக்க மாட்டேன் என்பது என் சொந்தக் கருத்து. அந்த மாடலின் பேட்டரியை மாற்றுவதற்கான எஸ்டிமேட்டை, பாகத்தின் விலை, ஜி.எஸ்.டி., கூலி, பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் விலைக்கழிவு ஆகியவை தனித்தனியாகத் தெரியும்படி எழுதி வாங்குங்கள். வாரண்டி முடிந்ததென்று உறுதியானால், அதில் பாதியையாவது விலையில் குறைத்துக் கேளுங்கள். வாரண்டி உயிரோடு இருந்தால் இந்தப் பேரம் தேவையில்லை.

நெல்லித்தோப்பிலிருந்து ஒரு வாசகி: நாங்கள் வாங்க நினைக்கும் ஜெர்மன் செடானின் விவரத்தாளில் 48 வோல்ட் மைல்ட் ஹைப்ரிட் என்று இருக்கிறது. இதற்கும் லட்சக்கணக்கில் பேட்டரிச் செலவு வருமா? எட்டு ஆண்டு வாரண்டி உண்டா?

அம்மா, இது வேறு இனம். இன்ஜினோடு பெல்ட்டால் அல்லது கியர்பாக்ஸ் வழியாகப் பிணைக்கப்பட்ட ஒரு சிறிய மோட்டார், வண்டி கிளம்பும்போது கைகொடுப்பதற்கும் இன்ஜினை அணைத்து எழுப்புவதற்கும் மட்டுமே பயன்படுகிறது. அதற்கான 48 வோல்ட் லித்தியம் பேட்டரி மிகச் சிறியது. வண்டியை நெடுந்தூரம் தனியாக இழுத்துச் செல்லும் வலிமை அதற்கு இல்லை. பெரிய ஹைப்ரிட் பேட்டரியின் விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்றாலும், சொகுசுப் பிராண்டின் பாகம் என்பதால் மலிவாகவும் இருக்காது. கவனிக்க வேண்டியது வாரண்டியைத்தான். வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரிக்கென்று அறிவிக்கப்படும் நீண்ட கால வாரண்டி இந்தச் சிறிய பேட்டரிக்கும் பொருந்தும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. அது பொதுவான வாகன வாரண்டிக்குள்தான் அடங்குகிறதா என்று சேசிஸ் எண்ணை வைத்துக் கேளுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து மருத்துவர் ஒருவர்: சென்னையில் பழைய சொகுசுக் கார்களை விற்கும் ஒரு ஷோரூமில், 2024 ஆகஸ்டில் 34 லட்சத்துக்கு ஐரோப்பிய பிளக்-இன் ஹைப்ரிட் (வெளி மின்சாரத்திலும் சார்ஜ் ஏற்றும் வகை) எஸ்.யூ.வி. வாங்கினேன். கம்பெனியின் பேட்டரி வாரண்டி இன்னும் இருக்கிறது என்றும், தங்களுடைய ஓராண்டு உத்தரவாதமும் உண்டு என்றும் சொன்னார்கள். பதினான்காவது மாதத்தில், மழை நாள் ஒன்றின் காலையில், உயர் மின்னழுத்த அமைப்பில் கோளாறு என்று திரையில் காட்டி வண்டி நின்றுவிட்டது. அதிகாரபூர்வ ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியைத் திறந்து பார்த்து, உள்ளே நீர் புகுந்து அரித்திருப்பதாகவும், ஆகவே வாரண்டி செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள். எஸ்டிமேட் பதினோரு லட்சம். விற்ற ஷோரூம் கைவிரிக்கிறது. என் வண்டி வெள்ளத்தில் சிக்கியதே இல்லை. நான் என்ன செய்வது? என் இன்சூரன்ஸ் பணம் தருமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், டாக்டர். முதல் வேலையாக, அந்த ஒர்க்‌ஷாப் பேட்டரியைப் பழையபடி மூடி, முத்திரையிட்டு, யாரும் அப்புறப்படுத்தாமல் வைத்திருக்க வேண்டும் என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். இந்த வழக்கின் சாட்சி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அது காயலான் கடைக்குப் போய்விட்டால் உங்கள் பக்கத்தில் பேச எதுவுமே மிஞ்சாது. அடுத்ததாக, வாரண்டி மறுப்பை வாய்மொழியாக ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ், எந்தக் காரணத்துக்காக மறுக்கிறார்கள் என்பதைப் புகைப்படங்களோடும், பதிவான பிழைக்குறியீடுகளின் அச்சுப்பிரதியோடும், அவை எத்தனையாவது கிலோமீட்டரில் பதிவாயின என்ற விவரத்தோடும் எழுதிக் கேளுங்கள்.

நீர் புகுந்தது என்ற முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. விபத்து, வெள்ளச் சேதங்களை மதிப்பிடும் சர்வேயராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேட்டரிப் பெட்டிக்குள் ஈரம் சேர மூன்று வழிகள் உண்டு. வெள்ளம் ஒன்று. அது வந்தால் பெட்டியில் மட்டும் தன் அடையாளத்தை வைக்காது. இருக்கைகளின் தண்டவாளங்களில் துரு, தரை விரிப்பின் அடியில் வண்டல், ஸ்டெப்னி வைக்கும் குழியில் நீர்க்கோடு, முழுதாக இழுத்துப் பார்த்தால் சீட்பெல்ட்டின் அடிப்பகுதியில் கறை என்று வண்டி முழுதும் எழுதிவிட்டுப் போகும். இரண்டாவது, பேட்டரியைக் குளிர்விக்க உள்ளே ஓடும் குளிர்விப்புத் திரவமே கசிந்திருப்பது. அதன் கறை நிறத்திலும் பிசுபிசுப்பிலும் வெள்ள நீரிலிருந்து வேறுபடும். அது வெளியிலிருந்து வந்த சேதமன்று, வண்டியின் பாகத்திலேயே ஏற்பட்ட கோளாறு. மூன்றாவது, பெட்டியின் ரப்பர் சீல் தளர்ந்து நம் கடலோரத்தின் உப்பு ஈரக் காற்று நாளடைவில் உள்ளே புகுந்து இணைப்புத் தகடுகளில் பச்சை பூக்கச் செய்வது. உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலான மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று வண்டி தானாகவே ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். மழைநாள் காலையில் அது குறைந்துவிட்டதாக எச்சரித்து நிற்பது இந்த மூன்றில் எதனாலும் நடக்கலாம். மூன்றுக்கும் வாரண்டிப் பொறுப்பு ஒன்றல்ல. இவற்றில் எது என்று ஒர்க்‌ஷாப் பெயர் குறிப்பிட்டு எழுதித் தரட்டும்.

உண்மையிலேயே அது வெள்ள நீராக இருந்தால், எப்போது புகுந்தது என்ற கேள்வி வருகிறது. வாங்கியபோது உங்களிடம் கொடுத்த பழைய இன்சூரன்ஸ் பாலிசியின் நகலைத் தேடி எடுங்கள். மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியது 2023 டிசம்பர் தொடக்கத்தில். அதற்குப்பின் புதுப்பிக்கப்பட்ட பாலிசியில், இழப்பீடு கேட்காதவருக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் பூஜ்யமாகியிருந்தால், அதற்கு முந்தைய ஆண்டில் அந்த வண்டிக்காக யாரோ இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் பொருள். இதுவே தீர்ப்பாகிவிடாது, என்றாலும் எந்த ஒர்க்‌ஷாப்பின் பதிவேட்டைக் கேட்க வேண்டும் என்பதற்கு அது வழிகாட்டும். இன்னொரு பக்கம், உங்கள் கையில் வண்டி இருந்த காலத்திலேயே ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30-இல் அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதும், அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணை வழியே வந்து கடலூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்ததும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் தெரியும். அந்த வாரம் வண்டி எங்கே நின்றது என்பதற்கு மருத்துவமனை நிறுத்துமிடச் சீட்டோ கேமரா பதிவோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஷோரூமின் உத்தரவாதத் தாளில் இன்ஜின், கியர்பாக்ஸ் என்று மட்டுமே எழுதியிருப்பதாக நீங்கள் இணைத்த நகலிலிருந்து தெரிகிறது, ஓராண்டும் கடந்துவிட்டது. அந்தத் தாளைக் கொண்டு பேட்டரிக்குப் பணம் கேட்க முடியாது. ஆனால் கம்பெனி வாரண்டி உயிரோடு இருப்பதாகச் சொல்லி விற்றதும், வெள்ளத்தில் நின்ற வண்டி என்று தெரிந்தே மறைத்திருந்தால் அதுவும் தனியான புகார்கள். உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது என்று ரசீதில் போட்டிருக்கும் ஒரு வரி, வண்டியின் பழைய கதையை மறைப்பதற்கு விற்பவருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டாகாது என்பதே என் கருத்து. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐம்பது லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் அது மாவட்ட ஆணையத்தின் வரம்புக்குள் வருகிறது. கால வரம்பு இரண்டு ஆண்டு. அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று வாதாடுவதைவிட, வாங்கிய நாளிலிருந்து எண்ணி 2026 ஆகஸ்டுக்குள் மனு உள்ளே போய்விடும்படி பார்த்துக்கொள்வது நல்லது. பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால்தான் பேட்டரியை முத்திரையிட்டு வைக்கச் சொன்னேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்வதும் பயன் தரலாம். சில விற்பனையாளர்கள் அந்த அழைப்புக்கே இறங்கி வருகிறார்கள்.

உங்கள் இன்சூரன்ஸைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தேய்மானத்தாலோ மின் கோளாறாலோ பழுதான பேட்டரிக்குச் சாதாரண பாலிசி பணம் தராது. வெள்ளம் காரணம் என்று நிரூபணமானால்தான் கிளைம் எழும். அப்போதும் தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்காவிட்டால், பேட்டரியின் மதிப்பில் ஐம்பது சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிடுவார்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது. இன்சூரன்ஸுக்கு என் கையில் இருந்தபோதுதான் வெள்ளம் புகுந்தது என்றும், ஆணையத்தில் அதற்கு முன்பே புகுந்தது என்றும் ஒருவரே இரண்டு விதமாகச் சொல்ல முடியாது. எது உண்மையோ அந்த ஒரு பாதையில் மட்டும் செல்லுங்கள்.

வில்லியனூரிலிருந்து ஒரு வாசகர்: என் பழைய ஹைப்ரிட் காரில் பேட்டரியை மாற்றச் சொல்லிக் குறியீடு வந்திருக்கிறது. வாரண்டி முடிந்துவிட்டது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர், கெட்டுப்போன ஒரே ஒரு மாட்யூலை மட்டும் மாற்றி 28,000 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பி0ஏ80 என்ற குறியீடாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் சொல்வது தொழில்நுட்ப ரீதியாக முடியாத காரியம் அல்ல. மாற்றியவுடன் விளக்கு அணையும், வண்டியும் ஓடும். ஒரே நுகத்தில் கிழட்டு மாட்டோடு இளங்காளையைப் பூட்டிய கதையாகப் பிறகு நடப்பதுதான் சிக்கல். வரிசையில் இணைந்த மாட்யூல்கள் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால், புதியது ஏற்கும் சார்ஜைப் பழையது ஏற்க முடியாமல் திணறுகிறது. இத்தனை ஆண்டு ஒன்றாக வாழ்ந்த மற்ற மாட்யூல்களும் அதே வயதில்தான் இருக்கின்றன. சில மாதங்களில் அடுத்தது விழும், மறுபடி 28,000. மூன்று முறை இப்படிச் செலவழித்தவர்களின் பில்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதிய பேட்டரிக்கு வசதிப்படாவிட்டால், எல்லா மாட்யூல்களையும் தனித்தனியே ஏற்றி இறக்கிக் கொள்ளளவு அளந்து, நெருங்கிய அளவு கொண்டவற்றை மட்டும் சேர்த்து, இணைப்புத் தகடுகளையும் மாற்றிக் கட்டிய பேட்டரி ஓர் இடைவழி. ஒவ்வொரு மாட்யூலின் அளவும் எழுதிய தாளைத் தராதவரிடம் அதை வாங்காதீர்கள். பழைய வண்டியை விரைவில் விற்றுவிடப் போகிறேன், ஒரு மாட்யூல் போதும் என்று நினைத்தால், வாங்குபவரிடம் அதைச் சொல்லி விற்கும் துணிவும் வேண்டும். மெக்கானிக் வேலையைத் தொடங்குமுன் உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவுகிறாரா, அதன்பின் சில நிமிடம் காத்திருக்கிறாரா, உயர் மின்னழுத்தத்துக்கான ரப்பர் கையுறை அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் இருப்பது உயிரைப் பறிக்கக்கூடிய உயர் மின்னழுத்தம். வண்டி வழியில் நின்றுவிட்டால், ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். சக்கரம் சுழன்றால் உள்ளே மோட்டாரும் சுழன்று மின்சாரத்தை உண்டாக்கும். வண்டியையே மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியைத்தான் அழைக்க வேண்டும்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வணிகர்: புதுச்சேரி எண் கொண்ட ஹைப்ரிட் கார் குறைந்த விலைக்கு வருகிறது. கடலூரில் வைத்து ஓட்டினால் பேட்டரி வாரண்டி பாதிக்குமா?

பாதிக்காது, வாரண்டி சேசிஸ் எண்ணைப் பின்தொடர்வது, நம்பர் பிளேட்டை அல்ல. உங்கள் பையைப் பாதிக்கும். பிற மாநில எண்ணோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால், புதுச்சேரியில் தடையில்லாச் சான்று பெற்று, இங்கே வரி கட்டி, கடலூரின் டி.என்.31 எண்ணுக்கு மாற வேண்டும். முழுக்க பேட்டரியில் ஓடும் வண்டிகளுக்கு உள்ள வரிச் சலுகை ஹைப்ரிட்டுக்குக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு, விலை அப்போதும் குறைவாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து ஸ்டார்ட் செய்தால், டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிகின்றன. ஹைப்ரிட் பேட்டரி செத்துவிட்டது, சில லட்சம் தயார் செய்யுங்கள் என்கிறார் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்.

எதையும் தயார் செய்யாதீர்கள். ஹைப்ரிட் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக உண்டு. பல மாடல்களில் அது டிக்கிக்குள் இருப்பதால் ஐந்தாறு ஆண்டு யார் கண்ணிலும் படுவதில்லை. வண்டியின் கணினிகளை எழுப்புவது அதுதான். அது சோர்ந்துவிட்டால் கணினிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் எல்லா விளக்குகளையும் எரியவிடும். முதலில் அதன் வோல்ட்டேஜை அளக்கச் சொல்லுங்கள். 12-க்கு வெகுவாகக் கீழே இருந்தால் அதை மாற்றிவிட்டு, குறியீடுகளை மறுபடி படியுங்கள். டிக்கிக்குள் வைப்பதற்கென்று, வாயு வெளியேறும் குழாயோடு வரும் வகையையே வாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றைத் திணிக்கக் கூடாது. அதன்பின்னும் ஹைப்ரிட் பேட்டரியைக் குறித்த குறியீடு நின்றால், வண்டியின் பதிவுத் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் எனக்கு எழுதுங்கள், வாரண்டி இருக்கிறதா என்று பார்ப்போம். மாற்றிய சிறிய பேட்டரியின் பில்லை மட்டும் ஆர்.சி.யோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது இந்த வண்டியை விற்கும்போது, வாங்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.